வயிற்றுக் கிருமியும் பால்பல் சொத்தையும்

தம் ஐந்து வயது மகளின் வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதாக மூச்சுப் பரிசோதனையில் தெரியவந்ததாகவும், அவளுடைய பால்பற்கள் சொத்தையானதற்கும் அதுதான் காரணமா என்றும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார். காரணம் அதுவல்ல. சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற வாய்க் கிருமிகளே பல்லைக் கரைக்கின்றன; பூச்சி அரிப்பதாக நம்பி, வாயில் புகை காட்டிப் புழு எடுப்பதாகச் சொல்பவர்களிடம் குழந்தைகளை அழைத்துச் செல்வது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. பைலோரியின் மரபணுத் தடயம் சிலருடைய பற்படலத்தில், அதாவது பல்லின்மேல் படியும் கிருமிப் படலத்தில், கிடைத்திருந்தாலும், வாயிலிருந்து அதை உயிருடன் வளர்த்தெடுப்பது மிக அரிது.

ஆயினும் வாயையும் வயிற்றையும் யூரியேஸ் என்ற நொதி இணைக்கிறது. 1984இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர் பாரி மார்ஷல் பைலோரியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானதும், 2005இல் ராபின் வாரனுடன் நோபல் பரிசு பெற்றதும் பலரும் அறிந்த கதை. அந்தக் கிருமி இரைப்பையின் கடும் அமிலத்தில் பிழைத்திருக்கும் விதம் அக்கதையைவிட அழகானது. அது நம் உடலில் இயல்பாக உண்டாகும் கழிவுப்பொருளான யூரியாவை உள்ளே இழுத்து, யூரியேஸால் அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைத்து, அந்த அம்மோனியாவைக் கொண்டு அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைப்பது அதன் உட்சவ்விலுள்ள ஒரு நுண்வாயில்: வெளியே அமிலம் மிகும்போது யூரியாவுக்கு வழிவிடும் அது, அமிலம் தணிந்ததும் மூடிக்கொள்கிறது. மூடாவிட்டால், பெருகும் அம்மோனியாவின் காரத்தன்மையே கிருமியைக் கொன்றுவிடும். அதே அம்மோனியா இரைப்பைச் சுவரைப் போர்த்தியிருக்கும் கெட்டியான கோழைப் படலத்தையும் இளக்கிவிடுவதால், திருகு வடிவக் கிருமி வால்போன்ற தன் கசையிழைகளைச் சுழற்றி அதற்குள் நீந்திச் சென்று, அமிலத்தின் கடுமை குறைந்த சுவரோரத்தில் குடியேறுகிறது.

வாயில் இதே வேதிவினை பல்லைக் காக்கிறது. உமிழ்நீரில் இயல்பாகவே உள்ள யூரியாவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாலிவாரியஸ் போன்ற கிருமிகள் உடைக்கும்போது வெளியாகும் அம்மோனியா, பற்படலத்தின் அமிலத்தைத் தணித்து, அதன் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கடுமையாகும்) எனாமல் கரையத் தொடங்கும் 5.5 என்ற எல்லைக்குக் கீழே போகாமல் தடுக்க உதவுகிறது. நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள குழந்தைகளின் உமிழ்நீரில் யூரியா மிகுதி. அவர்களிடம் சொத்தைப்பல் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இனி அந்த மூச்சுப் பரிசோதனைக்கு வருவோம். கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் வகையைக் கொண்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, சுமார் 30 நிமிடம் கழித்து, அந்தக் கார்பன் மூச்சிலுள்ள கரியமில வாயுவில் கூடியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மாத்திரையாக விழுங்கத் தெரியாத குழந்தை அதைத் திரவமாகக் குடிக்கும்போது வாய்க் கிருமிகளும் உடைத்துவிடுவதால், இரைப்பையில் இல்லாத கிருமி இருப்பதாகத் தெரியலாம். உறிஞ்சுகுழலால் குடிக்கவைப்பதும், வாய் கொப்பளிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். ஆறு வயதுக்குட்பட்டவர்களிடம் இப்பிழைக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் சோதனையும் தேவையா என்று வாசகி தம் மருத்துவரிடம் கேட்கலாம்.