பி.டி. அசிஸ்டென்ட்: பட்டதாரி ஆசிரியர் என்ற பெயரில் விடுபட்ட பாதி

கல்யாணப் பத்திரிகைகளில் மணமக்கள் பெயருக்குக் கீழே "எம்.எஸ்சி., பி.எட்., பி.டி. அசிஸ்டென்ட், அரசு உயர்நிலைப் பள்ளி" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படித்தது பி.எட்., பதவிப் பெயரில் இருப்பது பி.டி. தமிழ் எழுத்தில் எழுதும்போது இன்னொரு குழப்பமும் சேர்கிறது. மைதானத்தில் விசில் ஊதும் உடற்பயிற்சி ஆசிரியரையும் நாம் பி.டி. மாஸ்டர் என்றுதான் சொல்கிறோம். இரண்டு பி.டி.க்கும் தொடர்பே இல்லை.

அசிஸ்டென்டுக்கு முன்னால் வரும் பி.டி. ஒரு பட்டத்தின் பெயர்: பேச்சிலர் ஆஃப் டீச்சிங். கற்பிக்கப் பயின்றவருக்குக் கொடுத்த இளநிலைப் பட்டம். இன்றைய பி.எட்.டின் முன்னோடி அது. அதற்கும் முன்னால் சென்னைப் பல்கலைக்கழகம் எல்.டி. என்ற ஒன்றை வழங்கிவந்தது. லைசென்ஷியேட் இன் டீச்சிங் என்பது அதன் விரிவு. லைசென்ஸ் பிறந்த அதே லத்தீன் வேரிலிருந்து வந்த சொல், பொருள் அனுமதி. அதாவது கற்பிக்க உரிமம் பெற்றவர். 1856இல் வேப்பேரியில் தொடங்கிப் பிறகு சைதாப்பேட்டைக்கு இடம் மாறிய அரசு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எல்.டி. படித்தவர்கள் ஏராளம். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்கூட 1910இல் அங்கே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்தான்.

எல்.டி. போய் பி.டி. வந்தது, பி.டி. போய் பி.எட். வந்தது. பதவியின் பெயர் மட்டும் நடுவில் நின்றுவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் இன்னும் ஒரு படி பின்னால் நிற்கிறார்கள். அங்கே அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பதவிக்கு இப்போதும் எல்.டி. கிரேடு என்றுதான் பெயர்.

சரி, அசிஸ்டென்ட்? அந்தக் காலத்தில் பள்ளியில் 'மாஸ்டர்' என்று முழு அதிகாரம் உள்ளவர் தலைமை ஆசிரியர் ஒருவரே. மற்றவர்கள் எல்லாரும் அவருக்கு உதவும் அசிஸ்டென்ட் மாஸ்டர்கள். அருகில் நிற்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. ஒரு வகுப்பறையைத் தனியாகத் தாங்கும் ஒருவரை உதவியாளர் என்று இன்னும் அழைக்கத் தேவையில்லை. அதனால்தான் தமிழில் 'பட்டதாரி உதவியாளர்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றாமல் 'பட்டதாரி ஆசிரியர்' என்று வைத்தது எனக்குப் பிடிக்கும். அரசாணைகளிலும் அறிவிப்புகளிலும் அதுதான் வழக்கு. மேல்நிலை வகுப்புகளுக்கான பி.ஜி. அசிஸ்டென்ட் இதே முறையில் முதுகலை ஆசிரியர் ஆனார்.

பட்டதாரி என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பட்டம், தாரி. பட்டம் என்பது முதலில் நெற்றியில் கட்டும் துணிப்பட்டை அல்லது பொன் தகடு. யானைக்கு நெற்றிப்பட்டம், அரசனுக்குப் பட்டம் கட்டுதல் எல்லாம் அப்படி வந்தவை. அடையாளமாகக் கட்டிய தகடு, பிறகு அந்தத் தகுதிக்கே பெயரானது. பல்கலைக்கழகம் வந்தபோது டிகிரிக்கும் பொருந்திக்கொண்டது. டிப்ளமோவுக்கு நாம் சொல்லும் பட்டயமும் இந்தக் குடும்பம்தான், செப்புப் பட்டயத்தில் இருப்பது. தாரி என்றால் தரித்தவர், வேடதாரியில் வருவதுபோல. இரண்டு உறுப்புகளும் வடமொழி வழி வந்தவை.

ஆசிரியர் என்ற சொல்லை ஆசார்ய என்பதன் பழைய திரிபாக மொழியியலார் காண்பார்கள். ஆசு இரியர், அதாவது குற்றம் நீக்குபவர் என்று தமிழ் வழியில் விளக்குவோரும் உண்டு. அந்த விளக்கம் அழகானது, ஆனால் முதல் விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. எப்படியானாலும் தொல்காப்பியக் காலம் முதல் தமிழில் குடியிருக்கும் சொல். உபாத்தியாயர் தேய்ந்துதான் வாத்தியார் ஆனார் என்பது பரவலான கருத்து.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். பி.டி. என்பது கற்பித்தலுக்கான பட்டம். 'பட்டதாரி' என்று மாற்றியபோது எந்தப் பட்டம் என்பது விடுபட்டுப்போனது. பெயரை மட்டும் பார்த்தால், பி.எஸ்சி. கணிதமோ பி.ஏ. வரலாறோ முடித்தவர் நேரே ஆசிரியராகலாம் என்று தோன்றும். அப்படி நம்பிக் கல்லூரி முடித்து, பிறகுதான் விவரம் தெரிந்து மறுபடி கல்லூரி தேடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கேந்திரிய வித்யாலயாக்களில் இதே நிலைப் பதவிக்கு டிரெய்ன்ட் கிராஜுவேட் டீச்சர் என்று பெயர், பயிற்சி பெற்ற பட்டதாரி ஆசிரியர். இலங்கைத் தமிழில் பயிற்றப்பட்ட ஆசிரியர் என்று தனியாகவே ஒரு சொல் உண்டு. பயிற்சி அங்கே பெயரிலேயே தெரிகிறது. 'பயிற்சிப் பட்டதாரி ஆசிரியர்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் நம் பெயரும் முழுமையாகும்.

அந்த விடுபட்ட பாதியில் என்னென்ன இருக்கின்றன? தமிழ்நாட்டில் உயர்நிலைப் பள்ளி என்றால் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை. அங்கே பாடம் நடத்த, அந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டமும் அதன் மேல் பி.எட்.டும் வேண்டும். பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பு, 2015 முதல் இரண்டாண்டு. பாடப் பெயர் சற்றே வேறுபட்ட பட்டம் என்றால் இணைத்தன்மை அரசாணை, அதாவது அதை உரிய பட்டத்துக்குச் சமம் என்று ஏற்கும் அரசாணை, உண்டா என்று பார்க்க வேண்டும். சேரும்போதே பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் டெட், ஆசிரியர் தகுதித் தேர்வு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டில் இதைக் கட்டாயமாக்கியது. சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்குமானது. பட்டதாரி ஆசிரியர் ஆறு, ஏழு, எட்டுக்கும் போகிறவர் என்பதால் இரண்டாம் தாளில் தேற வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண், அடிப்படைத் தேர்ச்சி 60 விழுக்காடு. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குப் பிறகு தளர்வு வந்தது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தபோது நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அந்த ஆண்டு எழுதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று அவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இங்கே 'தகுதி' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். தகு என்ற வேரில் பிறந்த தனித்தமிழ்ச் சொல். தக்கவர், தகவு, தகைமை எல்லாம் அதன் உடன்பிறப்புகள். நாம் கல்வித் தகுதி என்பதை இலங்கையில் கல்வித் தகைமை என்பார்கள். தகுதித் தேர்வு என்றால் தக்கவரா என்று பார்ப்பது மட்டுமே, வேலை கொடுப்பது அல்ல. வேலைக்கு 2018ஆம் ஆண்டு அரசாணை 149இன்படி ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு தனியாக உண்டு. அதில் முதலில் தமிழ்த் தகுதித் தாளில் 50க்கு 20 எடுக்க வேண்டும், எடுத்தால்தான் பாடத் தாள் மதிப்பெண்ணுக்கு மதிப்பு. டெட் தேறியும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களின் வேதனை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முதுகலை ஆசிரியருக்கு டெட் இல்லை. முதுகலைப் பட்டம், பி.எட்., நேரடியாகப் போட்டித் தேர்வு.

இதே குடும்பத்தில் இன்னும் அதிகமாகத் தடுக்கிவிடும் பெயர் இடைநிலை ஆசிரியர். இடைநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர் என்று நினைப்போம். அவர் இருப்பது பெரும்பாலும் தொடக்கப் பள்ளியில், ஒன்று முதல் ஐந்து வரை. செகண்டரி கிரேடு என்ற பழைய பெயரின் மொழிபெயர்ப்பு அது. எட்டாம் வகுப்பு முடித்துப் பயிற்சி பெற்றவர் ஹையர் கிரேடு, எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பயிற்சி பெற்றவர் செகண்டரி கிரேடு. ஆசிரியர் எதுவரை படித்தார் என்பதைத்தான் அந்தப் பெயர் சொன்னது, எந்த வகுப்புக்குக் கற்பிக்கிறார் என்பதை அல்ல. பி.டி. அசிஸ்டென்டும் பி.ஜி. அசிஸ்டென்டும் அதே வழக்கத்தில் வந்த பெயர்கள்தான்.

பட்டத்தை வைத்து ஆசிரியரை அளக்காத காலமும் இங்கே இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் ஆசிரியருக்குச் சொன்ன இலக்கணத்தில், கலை பயில் தெளிவும் கட்டுரை வன்மையும் ஒரு வரியில் வந்துவிடுகின்றன. கற்றதில் தெளிவு, எடுத்துச் சொல்லும் திறன்: இன்றைய பாடப் பட்டமும் பி.எட்.டும் கேட்பது இவ்விரண்டைத்தான். அடுத்து வருபவை நிலம், மலை, நிறைகோல், மலர் என்ற நான்கு உவமைகள். நிலத்தின் பொறுமையையும் நிறைகோலின் நடுநிலையையும் ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும் ஒருவர் ஒவ்வொரு நாளும் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.