ஓடைக்கல்லின் அடிப்பக்கம்

நீரின் தரத்தை ஆய்வு செய்ய ஓர் ஓடைக்குச் செல்லும்போது, மாதிரிப் புட்டியை நிரப்புவதற்கு முன் உள்ளங்கை அளவுள்ள ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஓடை நலமாக இருந்தால், கல்லின் அடியில் மேஃப்ளை பூச்சியின் இளம்பருவம் மெல்லிய வால் இழைகளோடு, வயிற்றின் இருபுறமும் செவுள்கள் படபடக்க ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் வரும் மேல்பகுதி நிலத்தில் கட்டடங்கள் பெருகிவிட்ட ஓடையிலோ கல்லே எளிதில் பெயராது. நுண்வண்டல் அதைச் சுற்றிப் பூசியதுபோல் இறுகியிருக்கும், பெயர்த்தாலும் சிவப்புப் புழுக்கள் சிலவே நெளியும். இரண்டு ஓடைகளிலும் தண்ணீர் ஒரே அளவு தெளிவாகத் தெரியலாம் என்பதுதான் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது.

கழிவுநீர்க் குழாய் ஒன்றுகூட வந்து சேராத ஓடையும் இப்படிச் சீரழியும். ஒரு ஹெக்டேர் கூரையிலும் தார்ச்சாலையிலும் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுவது ஒரு லட்சம் லிட்டர். மண்ணாக இருந்தால் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி, நாள்கணக்கில் ஊற்றாகக் கசியவிட்டிருக்கும். கான்கிரீட் தளமும் வடிகாலும் அதைச் சில நிமிடங்களில் ஓடைக்குள் கொட்டிவிடுவதால், வெள்ளம் கரையை அரித்துப் படுகையை ஆழமாக்குகிறது. நிலத்தடி நீர் ஊறாததால் அதே ஓடை கோடையில் வற்றுகிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பில் ஏறத்தாழ 10 சதவீதம் இவ்வாறு மூடப்பட்டாலே பாதிப்பு புலப்படுவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நுண்ணுணர்வுள்ள உயிரினங்கள் அதற்கு முன்பே மறைந்துவிடுகின்றன.

வெயிலில் சூடேறிய தளத்தில் ஓடிவரும் நீர் வெப்பத்தையும் சுமந்து வருகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் நன்னீரில், 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். டயர் தேய்மானத் துகள்களும் அந்நீரோடு வருகின்றன. டயரில் சேர்க்கப்படும் 6பிபிடி என்னும் வேதிப்பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் நச்சே, அமெரிக்க வடமேற்குப் பகுதி ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்பது 2020இல்தான் தெரியவந்தது.

ஆகவே, வெயில் நாளில் எடுத்த ஒற்றை மாதிரியை வைத்து ஓடைக்கு நற்சான்று வழங்குவதை நான் ஏற்பதில்லை. சாலையில் படிந்த எண்ணெயும் துத்தநாகமும் முதல் மழையின் தொடக்க நிமிடங்களில்தான் பெருமளவு அடித்துவரப்படும். அப்போது மாதிரி எடுக்க வேண்டும். கரையோர மரங்கள் நிழலைத் தந்து கரையைப் பிடித்துவைக்கும். எனினும் வடிகால் குழாய் மரங்களின் வேருக்கு அடியில் புகுந்து நேராக ஓடையில் திறந்தால் அவற்றால் நீரை வடிகட்ட இயலாது. கட்டட வரைபடம் கைக்கு வந்தால், கூரைநீர்க் குழாய் எங்கே முடிகிறது என்பதை முதலில் பாருங்கள். அது வடிகாலில் இணைந்திருந்தால், மண்ணில் இறங்கும் குழிக்கோ தாழ்வான புல்வெளிக்கோ திருப்பச் சொல்லுங்கள். வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றும் வேலைதான் அது. கட்டி முடித்த பிறகு தளத்தையே உடைக்க வேண்டியிருக்கும்.