டச்பேடு பழுதா, விரல் பழக்கமா?

"பக்கம் தானா பின்னால போயிடுது சார். வைரஸ்னு நினைக்கிறேன்" என்றபடி ஒரு அம்மா லேப்டாப்பை என் மேஜையில் வைத்தார். ஆன்லைன் விண்ணப்பம் ஒன்றை முக்கால்வாசி நிரப்பியிருக்கிறார். திடீரென்று முந்தைய பக்கம் வந்து நின்றதாம், நிரப்பியதெல்லாம் போச்சு. இப்படி மூன்று முறை.

நான் எதையும் தொடவில்லை. "இங்கேயே ஒரு தடவை நிரப்பிக் காட்டுங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. பக்கத்தைக் கீழே நகர்த்த டச்பேடில் இரண்டு விரல் வைக்கிறார், ஆனால் விரல்கள் நேராகப் போகாமல் பக்கவாட்டில் சறுக்குகின்றன. பல பிரவுசர்களில் இரண்டு விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் முந்தைய பக்கத்துக்குப் போ என்று பொருள். அவர் கேட்டதைத்தான் லேப்டாப் செய்திருக்கிறது!

லேப்டாப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், டச்பேடு கெட்டுவிட்டது என்று வருபவற்றில் பழுதே இல்லாதவை நிறைய. அதனால் கழற்றுவதற்கு முன்னால் விரலைப் பார்ப்பது என் வழக்கம்.

டச்பேடின் பரப்புக்கு அடியில் மின்சாரம் கடத்தும் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல ஓடுகின்றன. மின்சாரம் கடத்தும் நம் விரல் அருகில் வந்ததும் அந்த இடத்தில் மின்தேக்குத் திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு, மாறும். அதை அளந்துதான் விரல் எங்கே இருக்கிறது, எத்தனை விரல் என்று கணக்கிடுகிறது. அழுத்தமே தேவையில்லை. தேய்த்துத் தேய்த்து நகர்த்துகிறவர்கள் விரலுக்குத்தான் வலியைத் தேடிக்கொள்கிறார்கள். நகத்தின் நுனியால் தொட்டால் அதற்குத் தெரியாது. ஈரக்கை, வியர்வை, கையில் பூசிய கிரீம் எல்லாம் கணக்கைக் குழப்பும்.

1994-ல் ஆப்பிளின் பவர்புக் 500 வரிசை லேப்டாப் டச்பேடுடன் வந்தபோது ஒரு விரல் வேலைதான். விரல்களால் கிள்ளிப் பெரிதாக்குவதும், மூன்று விரலால் தள்ளுவதும் 2008-ல் ஆப்பிளின் மேக்புக் ஏர் லேப்டாப்புடன் வந்தன. விண்டோஸ் பக்கம் 2013-ல், 8.1 பதிப்போடு 'பிரிசிஷன் டச்பேட்' என்ற பொதுத் தரம் வந்த பிறகுதான் விரல் சைகைகள் ஓரளவு ஒரே மாதிரி ஆயின. நடுவில் பழகியவர்களின் கை இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறது. வலது ஓரத்தை மேலும் கீழும் தடவி "ஸ்க்ரோல் ஆகலை" என்பார்கள். ஒரு காலத்தில் பல டச்பேடுகளில் அந்த ஓரம்தான் ஸ்க்ரோல் செய்யும் இடம். இப்போது அந்த வேலையை இரண்டு விரல் எடுத்துக்கொண்டது.

இன்னொரு வகைக் கை, கட்டைவிரலைக் கீழே ஓய்வாக வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் நகர்த்தும் கை. சில டச்பேடுகள் அதை இரண்டு விரலாக எண்ணிவிடும். உடனே எழுத்து பெரிதாகும், அல்லது பக்கம் ஓடும். கட்டைவிரலைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும்.

"திறந்து வைத்ததெல்லாம் காணோம்" என்று பதறிக்கொண்டு வருபவர்களுக்கு என் முதல் பதில், மூன்று விரலை மேல்நோக்கித் தள்ளுங்கள் என்பதுதான். விண்டோஸில் மூன்று விரலைக் கீழே இழுத்தால் எல்லா ஜன்னல்களும் ஒதுங்கி வெறும் திரை வரும், மேலே தள்ளினால் திரும்பி வரும். நான்கு விரல் பக்கவாட்டில் போனால் வேறொரு டெஸ்க்டாப் திரைக்கே போய்விடலாம். இதெல்லாம் வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் 'டச்பேட்' பகுதிக்குப் போய் ஒவ்வொன்றாக அணைத்துவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானே நான்கு விரல் சைகையை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

தட்டச்சு செய்யும்போது கர்சர் வேறு வரிக்குத் தாவுகிறதா? உள்ளங்கை படுகிறது. விண்டோஸில் டச்பேடின் உணர்திறனை ஒரு படி குறையுங்கள். சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் கர்சர் நடுங்கினால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். நடுக்கம் நின்றால் சந்தேகப்பட வேண்டியது சார்ஜரையோ, எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட்டையோ.

அடியோடு வேலை செய்யவில்லை என்றால், முதலில் மேல்வரிசை விசைகளில் டச்பேடு படம் போட்டதை அழுத்திப் பாருங்கள். தெரியாமல் கை பட்டு அணைந்திருக்கும். அப்புறம் யுஎஸ்பி துளையைப் பாருங்கள். மவுஸ் இணைந்திருந்தால் டச்பேடை நிறுத்திவிடும் அமைப்பு விண்டோஸில் உண்டு. மவுஸ் எங்கோ கிடக்கும், அதன் சிக்னலை வாங்கும் குட்டி டாங்கிள் மட்டும் லேப்டாப்பில் செருகியபடியே இருக்கும். இதற்காக முழு லேப்டாப்பையும் சுமந்து வந்தவர்கள் உண்டு.

அழுத்தும்போது மேல் பக்கம் மட்டும் கடினமாக இருந்தால் அது பழுதல்ல. பல டச்பேடுகளுக்குக் கீல் மேலேதான் இருக்கிறது, கீழ்ப்பாதியில் அழுத்த வேண்டும். 2015 முதல் வரத் தொடங்கிய பல மேக்புக் டச்பேடுகள் அழுத்தினாலும் கீழே நகர்வதே இல்லை. கிளிக் உணர்வை ஓர் அதிர்வு தருகிறது. லேப்டாப் அணைந்திருக்கும்போது அவற்றை அழுத்தினால் கல்லை அழுத்துவது போலத்தான் இருக்கும்.

ஆனால் நேற்றுவரை நன்றாக அழுந்திய டச்பேடு, இன்று கீழ்ப்பாதியிலும் அழுந்தவில்லை என்றால் விஷயம் வேறு. ஒருவர் இரண்டு மாதமாகக் கட்டைவிரலை ஊன்றி ஊன்றிக் கிளிக் செய்துகொண்டிருந்தார். திருப்பிக் காட்டச் சொன்னேன். அடிப்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. திறந்தால் பேட்டரி தலையணை மாதிரி உப்பி, டச்பேடை மேலே நெட்டிக்கொண்டு இருந்தது. பல லேப்டாப்களில் பேட்டரி டச்பேடுக்கு அடியிலோ பக்கத்திலோதான் இருக்கும். லித்தியம் அயான் பேட்டரிக்குள் வாயு சேர்ந்து உப்பினால் அது தீப்பிடிக்கக்கூடும்.

டச்பேடின் விளிம்பு மேலே எழுந்திருப்பது, மூடி சரியாகப் பொருந்தாதது, சமதளத்தில் வைத்தால் லேப்டாப் ஆடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். எழுந்த பகுதியை அழுத்தி உட்கார வைக்க முயலாதீர்கள், பேட்டரியைக் குத்திப் பார்க்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள். சர்வீஸுக்குக் கொண்டுவரும்போதும் பைக்குள் புத்தகங்களுக்கு நடுவே இறுக்கிச் செருகாமல், தனியாக எடுத்து வாருங்கள்.