கிளினிக்கல் பிசியாலஜி: உடற்கூறியல் வேறு, உடற்செயலியல் வேறு

பிரிட்டனில் பட்டம் பெற்ற பிள்ளைகளுக்கான வாழ்த்து அறிவிப்புகளிலும், அங்குள்ள படிப்புகளைத் தமிழில் அறிமுகப்படுத்தும் கட்டுரைகளிலும் 'மருத்துவ உடற்கூறியல் பட்டம்' என்ற தொடர் விடாமல் வந்துகொண்டிருக்கிறது. என்ன படிப்பு என்று விசாரித்தால், ஹெல்த்கேர் சயின்ஸ் இளநிலைப் பட்டத்தில் கிளினிக்கல் பிசியாலஜி, அதாவது நோயாளியின் இதயம், நுரையீரல் போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்று அளந்து பார்க்கும் துறை. ஒரு முறை என்றால் கைதவறி எழுதிவிட்டார்கள் என்று விடலாம். இப்போது அதுவே சரியான தமிழ் என்று பலர் நம்பத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் 'கிளினே' என்றால் படுக்கை. படுக்கையில் கிடக்கும் நோயாளியிடம் போய்ப் பார்க்கும் வைத்தியம் 'கிளினிக்கோஸ்' என்ற சொல்லால் குறிக்கப்பட்டது. 'பிசிஸ்' என்றால் இயற்கை, 'லோகோஸ்' என்றால் சொல், ஆய்வு, இரண்டும் சேர்ந்ததுதான் பிசியாலஜி. பிசிக்ஸ் என்ற சொல்லும் இதே 'பிசிஸ்' வேரிலிருந்து வந்ததுதான். உடல் இயல்பாக எப்படிச் செயல்படுகிறது என்பதை ஆராயும் துறைக்கு இந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் 16ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவர் ழான் பெர்னெல், 1542இல். வேர்ச்சொல் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

உடற்கூறியல் என்பது அனாட்டமி. கூறு என்றால் பகுதி. எலும்பு எங்கே இருக்கிறது, தசை எதில் ஒட்டியிருக்கிறது, இதயத்துக்கு எத்தனை அறை என்பதெல்லாம் அதன் பாடம். இறந்த உடலை அறுத்து அதைக் கற்க முடியும், காலங்காலமாக அப்படித்தான் கற்றார்கள். பிரேதப் பரிசோதனைக்கு நாம் இன்றும் உடற்கூறாய்வு என்கிறோம். செய்தித்தாளில் 'உடல் உடற்கூறாய்வுக்கு அனுப்பி வைக்கப்பட்டது' என்று படிக்காதவர் உண்டா? இந்தச் சொல்லைக் காதில் வைத்திருக்கும் ஒரு தாத்தாவிடம் 'பேத்தி மருத்துவ உடற்கூறியல் படிக்கிறாள்' என்று சொன்னால் அவர் பிணவறையைத்தான் நினைப்பார். அந்தப் பெண்ணோ உயிரோடு இருக்கிற உடலில் மட்டுமே செய்ய முடிந்த வேலையைப் படிக்கிறாள். துடிக்காத இதயத்துக்கு ஈசிஜி எடுத்தால் நேர்கோடுதான் வரும். ஊதாத நுரையீரலின் திறனை அளக்க முடியாது. ஒரு துறையின் பெயரை அதன் நேர் எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோய் வைக்கும் மொழிபெயர்ப்பு இது. எந்தச் சமாதானமும் இதற்குப் பொருந்தாது.

படிப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பெயரும் தானாகத் துலங்கும். இங்கிலாந்தில் 'மாடர்னைசிங் சயன்டிபிக் கேரியர்ஸ்' என்ற திட்டம் 2010இல் வந்த பிறகு இந்தப் பட்டப்படிப்புக்கு இன்றைய வடிவம் கிடைத்தது. மூன்று ஆண்டுகள். பல்கலைக்கழகப் பாடங்களோடு ஒவ்வோர் ஆண்டும் வாரக்கணக்கில் மருத்துவமனைத் துறைகளில் பயிற்சி. தொடக்கத்தில் பொதுப்பாடம், அப்புறம் இதயம், மூச்சும் உறக்கமும், நரம்பு, செவி என்று ஒரு பக்கம் போக வேண்டும்.

இதயப் பக்கம் போகிறவர் முதலில் கற்பது ஈசிஜி. பார்ப்பவருக்கு நான்கு ஒயரை ஒட்டிப் பொத்தானை அமுக்குவதுபோல் தெரியும். ஒட்டுவது பத்து, கிடைப்பது பன்னிரண்டு கோணங்களிலான பதிவு. நெஞ்சில் வைக்கும் ஆறில் முதலாவது எங்கே வர வேண்டும் என்பதற்கு விரல்தான் வழிகாட்டி. நெஞ்செலும்பின் மேல்பகுதியில் ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் இரண்டாவது விலா. அங்கிருந்து விலா இடைவெளிகளை எண்ணிக்கொண்டே இறங்கி, நான்காவது இடைவெளியில், நெஞ்செலும்பின் வலது விளிம்பில் ஒட்ட வேண்டும். ஓர் இடைவெளி மேலே ஒட்டினால் அலையின் வடிவம் மாறும், இல்லாத நோய் இருப்பதுபோல் தாளில் தெரியும். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. அதில் சின்னக் கட்டம் ஒன்று 0.04 நொடி. இதைப் பிடிக்கத் தெரிந்தவர் படிக்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். இங்கே விலாவை எண்ணும் அந்த ஒரு நிமிடத்துக்கு உடற்கூறியல் அறிவு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தாளில் பதிவாவது கூறு அல்ல, செயல். 1887இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின் அலையை முதன்முதலில் பதிவு செய்தார். 1846இல் ஜான் ஹட்சின்சன், அதே லண்டனில், தான் உருவாக்கிய மூச்சளவியைப் பற்றி வெளியிட்டார். இருவரும் தேடியது இதயமும் நுரையீரலும் எப்படி வேலை செய்கின்றன என்பதைத்தான்.

சரி, உடற்கூறியலைத் தள்ளிவிட்டோம். பிசியாலஜிக்குத் தமிழில் ஒன்றுக்கு நான்கு சொற்கள் இருக்கின்றன: உடலியல், உடலியங்கியல், உடற்றொழிலியல், உடற்செயலியல்.

உடலியல் சின்னச் சொல், வாயில் எளிதாக வரும். ஆனால் உடல் பற்றிய இயல் என்று மட்டுமே அது சொல்கிறது. அனாட்டமியும் உடல் பற்றியதுதானே? குழப்பத்தின் விதையே அங்குதான் இருக்கிறது. உடலியல், உடற்கூறியல் இரண்டும் ஒலியில் நெருங்கிய உறவு, ஒன்றைச் சொல்லப் போய் மற்றது வந்துவிடுகிறது. உடலியங்கியல் நல்ல சொல்தான், பாடநூல்களில் புழங்குகிறது. ஆனால் இயக்கம் என்றதும் நமக்குக் கைகால் அசைவுதான் முதலில் நினைவுக்கு வரும். பக்கத்திலேயே இயன்முறை மருத்துவம் என்று பிசியோதெரபிக்கு ஒரு பெயர் நிற்கிறது. ஏற்கெனவே பிசியாலஜியையும் பிசியோதெரபியையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கும்போது, அந்த மயக்கத்துக்கு இந்தச் சொல்லும் துணை போகிறது.

உடற்றொழிலியல் இலங்கைப் பாடநூல்களில் வளர்ந்தது. பிரிட்டனில் வாழும் ஈழத்தமிழர்களுக்குப் பள்ளிக்காலத்திலிருந்தே தெரிந்த சொல். துல்லியத்தில் அதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன். 'ஈரலின் தொழில் என்ன' என்று கேட்கும்போது தொழில் என்பது செயல், வினை என்ற பொருளில் அழகாக நிற்கிறது. தமிழ்நாட்டில் தொழில் என்றால் பிழைப்பு, ஆலை, வியாபாரம் என்று ஆகிவிட்டது. அது சொல்லின் குற்றமில்லை, பழைய பொருளைக் கைவிட்டது நம் குற்றம். ஆனாலும் 'இதயத் தொழிலியல்' என்று கிளைப்பெயர் எழுதிப் பார்த்தால் தொழிற்சாலை வாடை வரத்தான் செய்கிறது.

அதனால் என் தேர்வு உடற்செயலியல். முக்கியக் காரணம், கிளைத் துறைகளுக்கெல்லாம் அது பெயர் தருகிறது. இதயச் செயலியல், மூச்சுச் செயலியல், நரம்புச் செயலியல், குடல் செயலியல். எதையும் விளக்காமலே புரிகிறது. உடற்றொழிலியல் என்று எழுதுபவரோடு எனக்குச் சண்டை இல்லை. பொருள் ஒன்றுதான்.

அடுத்தது முன்னால் நிற்கும் 'கிளினிக்கல்'. பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு 'மருத்துவ' என்று போட்டுவிடுகிறார்கள். மெடிக்கல் வந்தாலும் மருத்துவ, கிளினிக்கல் வந்தாலும் மருத்துவ, பயோமெடிக்கல் வந்தால் முன்னால் ஓர் 'உயிரி'. இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். மருத்துவ மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் மெடிக்கல் பிசியாலஜி என்று ஒரு பாடம் இருக்கிறது. மருத்துவ உடற்செயலியல் என்ற பெயர் அதற்குரியது. அதையே நோயாளியை உட்கார வைத்து அளக்கும் இந்தத் துறைக்கும் கொடுத்தால், 'பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறதாம்' என்று ஊர் முழுக்கப் பேச்சாகி, பிறகு அந்தப் பிள்ளைதான் வீடு வீடாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கிளினிக்கல் டிரையலின் கதையும் இதுதான். 'மருத்துவப் பரிசோதனை' என்று எழுதுகிறார்கள். வேலைக்குச் சேரும்போது செய்துகொள்வதும் மருத்துவப் பரிசோதனைதான். புதிய மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிப்பதும் அதே பெயரில் என்றால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் எதற்குப் போடுகிறார்?

'சிகிச்சை உடலியல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். சிகிச்சை வடமொழி என்பதால் அதை நான் தள்ளவில்லை. அதன் வேர் கவனித்தல், அறிதல் என்ற பொருளுடையது, அந்தப் பழைய பொருள் இருந்திருந்தால் வெகு பொருத்தமாகவே இருந்திருக்கும். இன்று சிகிச்சை என்றால் நோயைத் தீர்ப்பது. இத்துறையினரின் முதன்மை வேலை அளப்பதும் அளந்ததை ஆராய்ந்து அறிக்கை தருவதும். எக்கோ எடுக்க வந்தவர் 'சிகிச்சை முடிந்துவிட்டதா?' என்று கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

'மருத்துவமனை உடலியல்' என்பது இடத்தைப் பிடித்துத் தொங்குகிறது. இங்கிலாந்தில் 2021 முதல் சமூக நோயறி மையங்கள் திறந்து, மருத்துவமனைக்கு வெளியேயும் இந்தச் சோதனைகளைச் செய்கிறார்கள். 'நோயறி உடற்செயலியல்' கேட்க நன்றாக இருக்கிறது, நானே அதன் பக்கம் சாய்ந்திருப்பேன். ஆனால் பேஸ்மேக்கர் பொருத்தியவரை அழைத்து அதன் அமைப்புகளைச் சரிபார்த்து மாற்றுவதும், காதுகேள் கருவியை ஒருவரின் செவிக்கு ஏற்பச் சரிசெய்து தருவதும் இவர்களின் வேலைதான். நோயறிதலுக்குள் அவை அடங்கமாட்டா.

மூலச்சொல்லிலேயே விடை இருக்கிறது. படுக்கை அருகே என்றால் நோயாளியின் அருகே. ஆய்வகத் தவளையையும் பாடநூல் படத்தையும் விட்டு எதிரில் இருக்கும் மனிதரிடம் போவதுதான் கிளினிக்கல். ஆகவே நோயாளர் உடற்செயலியல். பிறந்த குழந்தைக்குச் செவித்திறன் சோதிக்கிறார்களே, அது நோயாளியா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் சேவையைப் பெற வருபவர் எல்லாரையும் நோயாளர் என்றுதான் பதிவேடு அழைக்கிறது, அதைத் தாண்டி நாம் நுணுக வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் கிளினிக்கலுக்கு இதே சொல்தான் வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். சேர்ந்து வரும் சொல்லைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய அடைமொழி அது.

பட்டத்தின் பெயரில் இருக்கும் ஹெல்த்கேர் சயின்ஸையும் 'சுகாதார அறிவியல்' என்று எழுதிவிடுகிறார்கள். சுகாதாரம் என்றால் நம் ஊர்ப்பேச்சில் துப்புரவு, கொசு ஒழிப்பு, சுகாதார ஆய்வாளர். உடல்நலப் பணி அறிவியல் என்றால் என்ன குறைந்துவிடும்? இன்னும் சில துண்டறிக்கைகளில் ஈசிஜியை 'இதய ஸ்கேன்' என்கிறார்கள். ஸ்கேன் என்பது எக்கோவுக்குப் பொருந்தும், அது ஒலி அலையால் படம் பிடிக்கிறது. ஈசிஜி இதயத்தின் மின்பதிவு. இரண்டுக்கும் ஒரே நாளில் சீட்டு வாங்கிய ஒரு முதியவர், ஒன்றுதான் என்று நினைத்து ஒன்றை விட்டுவிட்டு வந்தால் அந்தத் தவறு அவருடையது அல்ல. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டுவதற்கு முன், அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரிடம் 'நீங்கள் என்ன செய்கிறீர்கள்' என்று கேட்டுவிட்டால் போதும்.

வேலை செய்பவரை எப்படி அழைப்பது? ஒரு காலத்தில் பிரிட்டனிலும் டெக்னீஷியன் என்றே அழைத்தார்கள். தமிழில் இன்னும் 'தொழில்நுட்பப் பணியாளர்' என்று எழுதுகிறார்கள். கருவியை ஓட்டுவதோடு நிற்கும் வேலை என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. உடற்செயலியலாளர் என்று எழுதலாம். 'மருத்துவ விஞ்ஞானி' என்று தூக்கி எழுதுவதும் தவறு. கிளினிக்கல் சயன்டிஸ்ட் என்ற பட்டப்பெயர் பிரிட்டனில் சட்டப் பாதுகாப்பு உடையது, உடல்நலத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்சிபிசி என்ற அமைப்பின் பதிவேட்டில் இருப்பவர்கள் மட்டுமே அதைச் சூட்டிக்கொள்ளலாம். இளநிலைப் பட்டம் முடித்தவுடன் அது கிடைத்துவிடாது. பெரும்பாலும் முதுநிலைப் படிப்போடு கூடிய மூன்றாண்டுப் பயிற்சி அதற்கு வேண்டும். வாழ்த்து அறிவிப்பில் 'உடல்நலப் பணி அறிவியலில் நோயாளர் உடற்செயலியல் பட்டம் பெற்ற' என்று எழுதி, பக்கத்தில் கிளினிக்கல் பிசியாலஜி என்றும் தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள். புதுச்சொல் பழகும்வரை அந்தத் துணை தேவைப்படும்.