அடுத்த வார்த்தைய முன்னாடியே யூகிக்கிற சிறுமூளை

"மேட்டூர்ல தண்ணி..."ன்னு ஒருத்தர் இழுத்தாலே போதும், மன்னார்குடி பக்கம் டீக்கடையில இருக்கிற அத்தன பேருக்கும் "தொறந்துட்டாங்களா"ங்கிற மிச்சம் மனசுல வந்துடும், அதுவும் ஜூன் 12 நெருங்குற நேரம்னா கேக்கவே வேணாம். தமிழ்ல வினை பெரும்பாலும் கடைசிலதான் வருது, அதனால கேக்குறவங்க முடிவ யூகிச்சுகிட்டே இருக்கோம். இந்த வேலையில பின்மண்டைக்கு உள்ள கீழ இருக்கிற சிறுமூளைக்கும் பங்கு இருக்கு. ஸ்கூல்ல நமக்கு சொன்னது பேலன்ஸ் மட்டும்தான், அது பாதி கததான்.

1988ல அமெரிக்காவுல பீட்டர்சன், ரெய்க்கிள் குழு மூளையில எந்த எடத்துல ரத்த ஓட்டம் கூடுதுன்னு காட்டுற பெட் ஸ்கேன் வச்சு ஒரு சோதனை செஞ்சாங்க. ஒரு பொருளோட பேர காட்டினா அதுக்கு ஏத்த வினைய சொல்லணும், நம்மூர்ல நடத்தியிருந்தா "நாத்து"ன்னதும் "நடு", "கதிர்"னதும் "அறு". வாய் அசையுறதுக்கான பங்க கழிச்சு பாத்த பிறகும் சிறுமூளையோட வலது பக்கம் வேலை செய்றது தெரிஞ்சுது. ஏன் வலதுன்னா, நெறைய பேருக்கு மொழி பெருமூளையோட இடது பக்கம், அங்கேர்ந்து சிறுமூளைக்கு வர்ற நரம்புப் பாதை குறுக்க மாறித்தான் வருது.

எடையில சிறுமூளை மொத்த மூளையில பத்துல ஒரு பங்குதான், ஆனா 2009ல எண்ணிப் பாத்தப்ப மொத்தம் 8,600 கோடி நியூரான்ல, அதாவது நரம்பு செல்லுல, சுமார் 6,900 கோடி இங்கதான் இருக்குன்னு தெரிஞ்சுது! நெனச்சது ஒண்ணு நடந்தது ஒண்ணுன்னா அந்த தப்பு சிக்னலா சிறுமூளையில இருக்கிற பர்கின்ஜிங்கிற பெரிய நரம்பு செல்லுக்கு வரும், இணைப்பு கொஞ்சம் மாறும், அடுத்த தடவ யூகம் இன்னும் சரியா இருக்கும். கை கால் அசைவுல இது நல்லா தெரிஞ்ச விஷயம், வார்த்தைக்கும் இதே வழிதான்னு பல ஆராய்ச்சியாளர்கள் நெனைக்கிறாங்க.

சிறுமூளையில ஸ்ட்ரோக் வந்தவங்க நட தள்ளாடும், பேச்சு கொழறும், குடிச்சிருக்காருன்னு ஊர் முடிவு பண்ணிடும், அது எனக்கு ரொம்ப வலிக்குது. சிலருக்கு வார்த்த சட்டுன்னு கெடைக்காது, இலக்கணம் தடுமாறும், இதையெல்லாம் சேத்து 1998ல ஷ்மாமன், ஷெர்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு தனி நோய்த்தொகுப்பாவே எழுதினாங்க. சிறுமூளை கிட்ட கட்டிய எடுத்த சில கொழந்தைங்க ஆபரேஷன் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல சுத்தமா பேச்ச நிறுத்திடுவாங்க, அது புடிவாதம் இல்ல. பெரும்பாலும் சில வாரத்துலயோ மாசத்துலயோ பேச்சு திரும்பும், மொதல்ல மெதுவா, ஒவ்வொரு அசையா.