டெலி லென்ஸின் எடை எங்கிருந்து வருகிறது?

டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் கடைசிக் காலத்தில் நிக்கான் இரண்டு 500 மி.மீ. டெலி லென்ஸ்களை, அதாவது தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்களை, விற்றுவந்தது. ஒன்று எஃப்/4, எடை 3,090 கிராம். 2018இல் வந்த மற்றொன்று எஃப்/5.6, எடை 1,460 கிராம். ஒரே இடத்தில் நின்று எடுத்தால் இரண்டும் ஒரு பறவையை ஒரே அளவில்தான் காட்டும். முதல் லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் வேலை செய்ய ட்ரைபாடோ மோனோபாடோ வேண்டும். இரண்டாவதைத் தோளில் மாட்டிக்கொண்டு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் காலை முழுக்க நடக்கலாம். அப்படியானால் அந்த ஒன்றரைக் கிலோ எதற்காக இருந்தது? காட்டுயிர்களையும் விளையாட்டையும் படமெடுக்க எடை குறைந்த டெலி ஜூம் தேடுபவர்கள் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

பதிலில் பாதி ஒரு வகுத்தல் கணக்கில் கிடைத்துவிடும். லென்ஸின் ஃபோகல் லென்த்தை, அதாவது குவியத் தூரத்தை, எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் விட்டம் வரும். 500ஐ 4ஆல் வகுத்தால் 125 மி.மீ. 5.6ஆல் வகுத்தால் 89 மி.மீ. டெலி லென்ஸின் முன்வில்லை இந்த விட்டத்தைவிடச் சிறியதாக இருக்க முடியாது. விட்டம் 1.4 மடங்கு கூடினால் பரப்பு இரு மடங்காகிறது. அதே வளைவு விகிதத்தை வைத்துக்கொள்ளத் தடிமனையும் கூட்ட வேண்டும். ஆகவே கண்ணாடியின் கனஅளவு கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஏறுகிறது. அதைத் தாங்கும் உலோகக் குழாயும் அதற்கேற்பப் பெருக்கிறது.

கடையில் கிடைக்கும் லென்ஸ்களோடு இந்தக் கணக்கைப் பொருத்திப் பாருங்கள். கேனன் ஆர்எஃப் 100-400 (100 முதல் 400 மி.மீ. வரை ஜூம் ஆகும்), நீள முனையான 400இல் எஃப்/8: விட்டம் 50 மி.மீ., எடை 635 கிராம். சோனி 100-400, எஃப்/5.6: 71 மி.மீ., 1,395 கிராம். சோனி 200-600, எஃப்/6.3: 95 மி.மீ., 2,115 கிராம். சோனி 600 எஃப்/4: 150 மி.மீ., 3,040 கிராம். ஒன்று மலிவு, ஒன்று லட்சங்களில். மூன்று ஜூம், ஒன்று ஜூம் இல்லாதது. ஆனாலும் விட்டத்தின் வரிசையும் எடையின் வரிசையும் ஒன்றாகவே இருக்கின்றன.

அகலமான வாயால் என்ன லாபம்? மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு சொம்பையும் ஒரு அண்டாவையும் வைத்தால், ஒரே நேரத்தில் அண்டாவில்தான் அதிகத் தண்ணீர் சேரும். ஒளியும் துளித்துளியாகத்தான், ஃபோட்டான்களாக, வந்து விழுகிறது. துளிகள் சீராக விழுவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழும் என்றால், உண்மையில் விழுவது 90ஆகவும் இருக்கலாம், 110ஆகவும் இருக்கலாம். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் படத்தில் புள்ளிபுள்ளியாகப் பார்க்கிறோம், நாய்ஸ் என்கிறோம். 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் நூறுதான், அதாவது ஒரு சதவீதம். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா படத்தைப் பிரகாசமாக்கும் அளவை, ஏற்றுவதால் நாய்ஸ் வருகிறது என்று பலரும் சொல்வார்கள். அடிப்படைக் காரணம் ஒளி போதாமல் போவது. ஐஎஸ்ஓவை ஏற்றுவது அந்தப் பற்றாக்குறையை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது.

பறக்கும் பறவை மங்காமல் வர, ஷட்டர் 1/2000 வினாடி மட்டுமே திறந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விடிந்து சற்று நேரமான வெளிச்சத்தில் எஃப்/4 லென்ஸ் ஐஎஸ்ஓ 1600 கேட்டால், எஃப்/5.6 லென்ஸ் 3200 கேட்கும், எஃப்/8 லென்ஸ் 6400 கேட்கும். எடை குறைந்த லென்ஸுக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான். இன்றைய சென்சார்களும் நாய்ஸ் நீக்கும் மென்பொருள்களும் 6400ஐப் பயன்படுத்தக்கூடிய எண்ணாக மாற்றிவிட்டன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே விலையை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சரி, விட்டத்தைக் குறைக்காமலே எடையைக் குறைக்க முடியாதா? முடியும். நிக்கானின் இரண்டு 500களுக்கு இடையிலான வித்தியாசத்தில் மீதிப் பாதி இங்கேதான் இருக்கிறது.

டெலிஃபோட்டோ அமைப்பே நீளத்தைக் குறைக்கும் ஓர் உத்தி. ஒற்றைக் குவிவில்லையால் 500 மி.மீ. லென்ஸ் செய்தால் அது சென்சாரிலிருந்து அரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். முன்னால் குவிவில்லைக் கூட்டத்தையும் பின்னால் குழிவில்லைக் கூட்டத்தையும் வைத்தால், அதே ஃபோகல் லென்த்தைக் குட்டையான குழாய்க்குள் அடக்கிவிடலாம். 1891இல் லண்டனில் தாமஸ் டால்மேயர் இதற்குக் காப்புரிமை பெற்றார். எவ்வளவு குட்டையாக்குகிறோமோ அவ்வளவு வலுவாக முன்வில்லைகள் ஒளியை வளைக்க வேண்டும். அப்போது நிறப்பிரிகை தலைதூக்கும். கண்ணாடி நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கிறது; நிறங்கள் ஒரே புள்ளியில் சேராமல் கொக்கின் வெள்ளைச் சிறகைச் சுற்றி ஊதா விளிம்பு விழுகிறது. இதைச் சரிசெய்ய மேலும் மேலும் வில்லைகள் சேர்ப்பார்கள். எடை ஏறும். நிறப்பிரிகை குறைந்த ஃப்ளோரைட் படிகமும் ஈடி கண்ணாடியும் இந்தச் சிக்கலைத் தணித்தன. செயற்கை ஃப்ளோரைட்டைக் கேனன் 1969இலேயே ஒரு 300 மி.மீ. லென்ஸில் பயன்படுத்தியது.

இதைவிட அழகான தீர்வு ஒன்று உண்டு. ஒளியை வளைக்க ஒளிவிலகல் மட்டும்தான் வழி என்பதில்லை. மிக நுண்ணிய வட்ட வட்டப் படிகளைக் கண்ணாடியில் செதுக்கினால், விளிம்பு விளைவினாலும், அதாவது நுண்ணிய விளிம்புகளைக் கடக்கும்போது பரவுவதாலும், ஒளி வளையும். இந்த வழியில் நிறங்களின் வரிசை தலைகீழ்: சிவப்பு அதிகம் வளையும், நீலம் குறைவாக வளையும். சாதாரண வில்லையையும் இப்படிப் படி செதுக்கிய வில்லையையும் சேர்த்து வைத்தால் ஒன்றின் பிழையை மற்றது அழித்துவிடுகிறது. திருத்துவதற்கென்றே இருந்த வில்லைகள் பல தேவையற்றுப் போகின்றன. கேனன் 2001இல் 400 மி.மீ. எஃப்/4 லென்ஸ் ஒன்றில் இதைக் கொண்டுவந்தது. நிக்கான் இதற்கு வைத்த பெயர் ஃபேஸ் ஃப்ரெனெல், சுருக்கமாகப் பிஎஃப். கலங்கரை விளக்கத்தின் தடித்த வில்லையை வட்டங்களாக நறுக்கி மெலிதாக்கிய பிரெஞ்சு இயற்பியலாளர் அகுஸ்தன் ஃப்ரெனெலின் பெயர் அது. அவருடைய முதல் பெரிய விளக்கு 1823இல் பிரான்சின் கொர்துவான் கலங்கரையில் எரிந்தது. அந்த விளக்கு ஒளிவிலகலால் வேலை செய்தது; கேமரா லென்ஸில் இருப்பது அதைவிடப் பல மடங்கு நுண்ணிய படிகள்.

பலன் என்ன என்பதற்கு நிக்கானின் 300 மி.மீ. எஃப்/4 நல்ல சாட்சி. விட்டம் மாறவே இல்லை, 75 மி.மீ.தான். பழைய லென்ஸ் ட்ரைபாட் காலரோடு (ட்ரைபாடில் பொருத்த உதவும் வளையத்தோடு) 1,440 கிராம். 2015இல் வந்த பிஎஃப் லென்ஸ் காலர் இல்லாமல் 755 கிராம். காலரின் எடையைக் கழித்துப் பார்த்தாலும் பெரிய இறக்கம்தான். குறையும் உண்டு. சூரியனோ பளீரென்ற விளக்கோ படத்துக்குள் வந்தால் அந்த நுண்படிகள் சிதறடிக்கும் ஒளி, நிற வளையமாகத் தெரியும். எதிர்வெளிச்சத்தில் படமெடுக்க விரும்புபவர்கள் வாங்கும் முன் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இந்தப் படிகள் கொண்ட ஜூம்கள் மிக அரிது; கேனனின் பழைய 70-300 டிஓ (இந்த நுட்பத்துக்குக் கேனன் வைத்த பெயரின் சுருக்கம்) அப்படி ஒன்று. மற்றபடி, ஜூம் லென்ஸில் எடையைக் குறைக்க நடைமுறையில் நீள முனையின் எஃப் எண்ணைத்தான் விட்டுக்கொடுக்கிறார்கள்.

அப்படி விட்டுக்கொடுக்க வழி திறந்தது, உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா. டிஎஸ்எல்ஆரில் ஆட்டோஃபோகஸ் கருவி அந்தப் பிரதிபலிப்புக் கண்ணாடிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருக்கும். லென்ஸ் வாயின் எதிரெதிர் ஓரங்களிலிருந்து வரும் ஒளிக்கற்றைகளை ஒப்பிட்டுத்தான் அது தூரத்தைக் கணிக்கும். பெரும்பாலான ஃபோகஸ் புள்ளிகள் எஃப்/5.6ஐ நம்பி வடிவமைக்கப்பட்டவை. வாய் அதைவிடக் குறுகினால் அந்த ஓரக்கற்றைகள் வெட்டுப்பட்டுவிடும்; ஃபோகஸ் தடுமாறும் அல்லது நின்றேவிடும். மிரர்லெஸ்ஸில் அந்த வேலையைச் சென்சாரே செய்கிறது, வ்யூஃபைண்டரும் மின்திரை என்பதால் காட்சி இருள்வதில்லை. எனவேதான் 500 மி.மீ.யில் எஃப்/7.1 ஆகும் கேனன் 100-500 போன்ற ஜூமும், எஃப்/11 என்ற 600 மி.மீ. லென்ஸும் 2020இல் வர முடிந்தது. அந்த 600இன் எடை 930 கிராம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எஃப்/11இல் விளிம்பு விளைவே ஒரு புள்ளியை ஏறக்குறைய 15 மைக்ரான் வட்டமாகப் பரப்பிவிடும். 45 மெகாபிக்சல் முழுச்சட்ட (36 மி.மீ. அகல) சென்சாரில் ஒரு பிக்சல் 4.4 மைக்ரான்கூட இல்லை. அங்கே அத்தனை பிக்சல்களுக்கும் முழு வேலை இருக்காது.

எடை குறைந்த லென்ஸ் தூக்க வசதி என்று மட்டும் நினைப்பது அதன் பாதி மதிப்பைத்தான் பார்ப்பது. கூர்மைக்கும் எடைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு பறவை 20 மீட்டர் தூரத்தில் குறுக்கே பறக்கிறது என்று வையுங்கள். 400 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 50இல் ஒரு பங்கு அளவு. அப்படியென்றால் பிம்பம் சென்சார் மீது வினாடிக்கு 200 மி.மீ. ஓடுகிறது. 36 மி.மீ. அகலச் சட்டத்தை 0.18 வினாடியில் கடந்துவிடும். கேமராவை அசைக்காமல் வைத்திருந்தால் 1/2000 வினாடியில்கூடப் பிம்பம் 0.1 மி.மீ. நகர்ந்திருக்கும், நாம் பார்த்த 45 மெகாபிக்சல் சென்சாரில் அது 23 பிக்சல். அந்தப் பறவை கூர்மையாக வர வேண்டுமென்றால் லென்ஸ் அதனோடு சேர்ந்து திரும்பியாக வேண்டும். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். பறவையின் ஓட்டத்தை அது நிறுத்தாது.

திருப்புவதற்கு எடை எவ்வளவு என்பதோடு, எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சுழற்சிக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு, அது அச்சிலிருந்து இருக்கும் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கனமான கண்ணாடி லென்ஸின் மூக்கில் இருந்தால் திருப்பத் தொடங்குவதும் கடினம், நிறுத்துவதும் கடினம். கேனனின் 400 மி.மீ. எஃப்/2.8 முன்பு 3,850 கிராம் இருந்தது. 2018இல் அதே விட்டத்தோடு 2,840 கிராமாக இறங்கியது. முன்னால் குவிந்திருந்த வில்லைகளைப் பின்னுக்கு நகர்த்தினார்கள். பின்னே போகப்போக ஒளிக்கற்றை குறுகுவதால் வில்லைகளும் சிறுத்தன. எடை குறைந்ததோடு சமநிலையும் கைக்கு அருகில் வந்தது.

ஜூமில் இதைக் கவனிக்க ஓர் எளிய வழி உண்டு. 100-400, 100-500 வகை லென்ஸ்கள் ஜூம் செய்யும்போது வெளியே நீளும். கனமான முன்வில்லையும் கூடவே தள்ளிப்போகும். சோனி 200-600, நிக்கான் 180-600 போன்றவை உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும். நீளம் மாறாது, சமநிலை கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். ஆனால் பெரிய பை வேண்டும், இரண்டு கிலோவையும் சுமக்க வேண்டும். நடந்து அலைந்து படமெடுப்பவருக்கு முதல் வகை, ஜீப்பிலோ மறைவிடத்திலோ உட்கார்ந்து எடுப்பவருக்கு இரண்டாவது வகை என்பேன்.

சிறிய சென்சார் கேமராக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், விளம்பரங்களில் இது குழப்பமாகவே வருகிறது. சென்சார் முழுச்சட்டத்தில் ஏறக்குறைய பாதி அகலமே உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் 300 மி.மீ. எஃப்/4 லென்ஸ், 600 மி.மீ.க்குச் சமமான சட்டத்தைத் தரும். உண்மைதான். ஆனால் வாய் 75 மி.மீ.; 600 எஃப்/4இன் 150 மி.மீ. அல்ல. சேரும் மொத்த ஒளி, முழுச்சட்டக் கேமராவில் 600 எஃப்/8 தருவதற்குச் சமம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. சிறு பறவைகளை நல்ல பகல் வெளிச்சத்தில் எடுப்பவருக்கு அது மிக நல்ல ஏற்பாடுகூட. விட்டத்தைக் கணக்கிட்டுவிட்டு முடிவெடுத்தால் போதும்.

ஃபோகல் லென்த்திலும் பேராசை வேண்டாம். 17 செ.மீ. நீளமுள்ள சிறு நீல மீன்கொத்தி 20 மீட்டரில் உட்கார்ந்திருந்தால், 400 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 3.4 மி.மீ., 600இல் 5.1 மி.மீ. அதே 400ஐ வைத்துக்கொண்டு, பறவையைக் கலைக்காமல் 13 மீட்டருக்கு நெருங்க முடிந்தால், 600இன் அளவு கிடைத்துவிடும். கூடு கட்டிய பறவைகளிடம் நெருங்கக் கூடாது, அங்கே நீளமான லென்ஸ்தான் சரி. வெயில் ஏறிய பிறகு தரைக்கும் நீருக்கும் மேலே கானல் அலையத் தொடங்கும். அப்போது நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள நாரையை எந்த விலை லென்ஸும் கூர்மையாகத் தராது. நீள லென்ஸில் அந்த அலைவு இன்னும் பெரிதாகத் தெரியும்.

என் தேர்வைக் கேட்டால்: பகல் வெளிச்சத்தில் பறவைகளும் திறந்தவெளி விளையாட்டும் என்றால், நீள முனையில் 70 மி.மீ. விட்டம் தரும் 100-400 அல்லது 100-500. அடர்காட்டில் அதிகாலை, அந்தி என்றால் 95 மி.மீ. விட்டத்துக்கான எடையை ஏற்றுக்கொள்ளலாம். உள்ளரங்கில் கபடி எடுப்பவருக்கு இவை எதுவுமே வேண்டாம், 70-200 எஃப்/2.8 போதும், அதன் வாயும் 71 மி.மீ.தான், புது லென்ஸ்கள் ஒரு கிலோவைச் சற்றே தாண்டுகின்றன. ஆட்டக்காரர்கள் அருகில் இருக்கிறார்கள், அதே விட்டத்தை 200 மி.மீ.யில் செலவழிக்கும்போது சென்சாரில் விழும் ஒளி, 400 எஃப்/5.6இல் விழுவதைவிட நான்கு மடங்கு.

வாங்குவதற்கு முன் உங்கள் கேமராவைக் கடைக்கு எடுத்துப்போய் அந்த லென்ஸை மாட்டுங்கள். நீள முனைக்கு ஜூம் செய்து, கண்ணில் வைத்தபடி வாசலில் நில்லுங்கள். சாலையில் குறுக்கே போகும் பைக்குகளை ஐந்து நிமிடமாவது பின்தொடர்ந்து, தொடர் படங்களாகச் சுட்டுத் தள்ளுங்கள். அப்புறம் திரையில் முதல் நிமிடப் படங்களையும் கடைசி நிமிடப் படங்களையும் பாருங்கள். கடைசிப் படங்களில் பைக் சட்டத்தின் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால், அடுத்த சிறிய விட்டமுள்ள லென்ஸை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.