கப்பல் தளத்து இரைச்சலில் செவி மங்கினால்: தென்னாப்பிரிக்கச் சட்டம் தரும் இழப்பீடு

டர்பன் துறைமுகத்தின் பேஹெட் பகுதியில் கப்பல் கட்டும் வேலையிலும் பழுதுபார்க்கும் வேலையிலும் காலம் கழித்தவர்கள் சாட்ஸ்வர்த், மெரிபேங்க் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. வயதாகிவிட்டது என்று வீட்டார் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். ஆனால், வேலையிடத்து இரைச்சலால் வரும் செவிக்குறையைத் தொழில்நோய் என்று சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதையும், அதற்கு இழப்பீடு கேட்க உரிமை உண்டு என்பதையும் அவர்களுள் பலருக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

அந்த உரிமையைத் தருவது 1993-ஆம் ஆண்டின் 130-ஆம் எண் சட்டமாகிய தொழில்சார் காயங்கள், நோய்களுக்கான இழப்பீட்டுச் சட்டம். வழக்கில் அதைக் ‘கொய்டா’ என்பார்கள். நிரந்தரத் தொழிலாளி, தற்காலிகத் தொழிலாளி, தொழில் பழகுநர் ஆகிய எல்லாரும் இதற்குள் வருவார்கள். இழப்பீடு வழங்கும் நிதிக்குப் பணம் கட்ட வேண்டியவர் முதலாளி மட்டுமே. அதற்காகக் கூலியில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. முதலாளியின் மேல் தவறு இருந்ததா என்று தொழிலாளி மெய்ப்பிக்கத் தேவையில்லை. அதற்கு ஈடாக, முதலாளியின் மீது தனியே நட்டஈட்டு வழக்குப் போடும் உரிமையை 35-ஆம் பிரிவு எடுத்துவிடுகிறது.

கப்பல் தளத்தில் இந்த நோய் ஏன் இவ்வளவு பரவலாக வருகிறது என்பதை வேலை நடக்கும் முறையைப் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும். இன்றைய தளங்களில் கப்பலை அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு தகடாக வைத்துக் கட்டுவதில்லை. கணினி வழிநடத்தும் பிளாஸ்மா இயந்திரம் எஃகுத் தகடுகளை வெட்டித் தருகிறது. அவற்றை விலாச் சட்டங்களோடு பற்றவைத்துப் பெரும் பெரும் பகுதிகளாகக் கூடத்திலேயே செய்து, குழாய்களையும் கம்பிவடத் தட்டுகளையும் அங்கேயே பொருத்திவிட்டு, பிறகு பளுதூக்கியால் தூக்கி வந்து ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டுக்காக 9 இழுவைக் கப்பல்களைக் கட்டிய நகரம் டர்பன். 1925-இல் திறக்கப்பட்ட பிரின்ஸ் எட்வர்ட் உலர்துறையும் இங்கேதான் இருக்கிறது. தகடு வெட்டுவதை இயந்திரம் எடுத்துக்கொண்டாலும், பகுதிகள் சேரும் இடத்தில் பிழையான பற்றவைப்பைக் கரிமுனை வில்லால், அதாவது கரிக்கோலின் முனையில் எழும் மின்பொறியின் வெப்பத்தால், தோண்டி எடுப்பதும், கிரைண்டரால் தேய்ப்பதும், பழைய கப்பலில் துருவைக் கொத்தி உதிர்ப்பதும் மனிதன் கையால் நடக்கும் வேலைகளாகவே இருக்கின்றன. கரிமுனை வில்லின் ஓசை 100 டெசிபலைத் தாண்டும். கப்பலின் அடியில் இரண்டு எஃகுத் தளங்களுக்கு நடுவே உள்ள குறுகிய இடத்துக்குள் ஒருவர் குனிந்து புகுந்து இந்த வேலையைச் செய்யும்போது, நாலு பக்கத்து எஃகுச் சுவரிலும் அந்த ஓசை மோதி அவர்மீதே திரும்புகிறது. சட்டம் வைத்திருக்கும் எல்லை 85 டெசிபல்.

இரைச்சல் முதலில் அரிப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் ஒலிகளைத்தான். ஆகவே கோயில் மணியும் தவிலும் நன்றாகவே கேட்கும். ‘காசு’ என்றார்களா ‘காது’ என்றார்களா என்பது மட்டும் பிடிபடாது. தொழிலாளி இதைக் குறையாக உணர்வதற்குள் ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. இதனால்தான் வேலையில் சேரும்போது எடுக்கும் அடிப்படைச் செவிச்சோதனை மிக முக்கியமானது. பிற்காலத்துச் சோதனையை அதனோடு ஒப்பிட்டு, கேட்கும் திறன் எத்தனை விழுக்காடு குறைந்திருக்கிறது என்று கணக்கிடுவார்கள். அந்த வேறுபாடு 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இழப்பீட்டுக்கு வழி உண்டு. ஒரு தளத்தை விட்டு வேறொரு தளத்துக்குப் போகிறவர் அந்தத் தாளின் படியை வாங்காமல் வாசலைத் தாண்டக் கூடாது என்பேன்.

கணக்கு இப்படிப் போகும். குறைந்த கேட்புத்திறனில் பாதியை நிரந்தர ஊனத்தின் அளவாகக் கொள்வார்கள். 30 விழுக்காடு ஊனத்துக்கு 15 மாத ஊதியம், சட்டம் வைத்த உச்ச வரம்புக்கு உட்பட்டு, ஒரே தொகையாகத் தரப்படும். அதற்குக் குறைந்தால் அதே விகிதம். ஒருவருக்கு 12 விழுக்காடு கேட்புத்திறன் குறைந்திருந்தால் ஊனம் 6 விழுக்காடு, தொகை 3 மாத ஊதியம். ஊனம் 30 விழுக்காட்டைத் தாண்டினால் மாத ஓய்வூதியம் உண்டு.

நோயை மருத்துவர் உறுதிசெய்தவுடன் முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காலக்கெடு தவறினால் உரிமை போய்விடும். தெரிய வந்த 14 நாட்களுக்குள் முதலாளி டபிள்யூ.சிஎல்.1 படிவத்தை அனுப்ப வேண்டும். தொழிலாளி நிரப்புவது டபிள்யூ.சிஎல்.14, மருத்துவரின் முதல் அறிக்கை டபிள்யூ.சிஎல்.22. இவற்றோடு எந்தத் தளத்தில், எந்த ஆண்டுகளில், என்ன வேலை செய்தார் என்ற வரலாறும் போக வேண்டும். சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ள நோய் அதற்குரிய வேலையைச் செய்தவருக்கு வந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அது அந்த வேலையால் வந்ததே என்று 66-ஆம் பிரிவு கருதிக்கொள்ளச் சொல்கிறது. தொழிலாளியின் கையில் இருக்கும் வலுவான பிடி இதுதான். விண்ணப்பம் பொதுவாக இழப்பீட்டு நிதிக்குப் போகும். உலோகத் தொழிலில் சில நிறுவனங்கள் ரேண்ட் மியூச்சுவல் அஷ்யூரன்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்திருப்பதால், எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

தளங்களில் பலரும் துணை ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறவர்கள். ‘நீ எங்கள் ஆள் இல்லை’ என்ற பதிலைக் கேட்டு அவர்கள் திரும்பிவிட வேண்டியதில்லை. ஆள் தரும் தரகரையும் முதலாளி என்றே சட்டம் வரையறுக்கிறது. ஒப்பந்தக்காரர் நிதியில் பதிவு செய்யாதவராக இருந்தால், வேலையை அவரிடம் ஒப்படைத்த பெரிய நிறுவனமே முதலாளியாகக் கருதப்படும் என்பது 89-ஆம் பிரிவு. செவிக்காப்பு தராதது போன்ற கவனக்குறைவு முதலாளியிடம் இருந்தால், 56-ஆம் பிரிவின்கீழ் கூடுதல் இழப்பீடும் கேட்கலாம். விண்ணப்பம் பதிவானதும் வழங்கப்படும் கோரிக்கை எண்ணையும் எல்லாப் படிவங்களின் படிகளையும் வீட்டில் ஒரே உறையில் போட்டு வைத்திருங்கள். பின்னால் எந்த விசாரணைக்கும் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.